எது தள்ளிப்போகிறது என்று பாரும், மருமகன்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கிற மருமகன் மூன்று கேள்விகள் அனுப்பியிருந்தார். அரசாங்கம் எதற்கு முதலிடம் கொடுக்க வேண்டும்? ஐஎம்எப் (சர்வதேச நாணய நிதியம்) நிபந்தனைகளுக்குள் நின்றுகொண்டு நியாயமான பொருளாதாரம் சாத்தியமா? கல்விச் சீர்திருத்தம் என்றால் உங்கள் கணக்கில் அது எங்கே தொடங்கவேண்டும்? கடைசியில், சும்மா கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, "மாமா எந்தக் கட்சி?" என்று இன்னொரு வரி. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன். கிழக்கு மாகாண நிர்வாகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னுடைய அரசியல் பெரும்பாலும் வவுச்சர் வழியாக வந்த அரசியல். அதைக் கழித்துக்கொண்டு வாசியும்.

முதலிடம் எதற்கு என்று எந்த அரசாங்கத்தைக் கேட்டாலும் கல்வி, சுகாதாரம், வறுமை ஒழிப்பு என்றுதான் சொல்லும். வரவு செலவுத் திட்ட உரையை யார் வாசித்தாலும் அந்த மூன்றும் அதில் இருக்கும். நான் பார்ப்பது வேறு இடத்தை. காசு தட்டுப்பாடாகும்போது எதை உடனே செய்கிறார்கள், எதை "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று வைக்கிறார்கள்? உண்மையான வரிசை அங்கேதான் தெரியும்.

வெளியில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். ஒதுக்கீடு வேறு, கட்டுநிதி வேறு. இந்த வருடம் இவ்வளவு செலவழிக்கலாம் என்ற அனுமதிதான் ஒதுக்கீடு. அதற்காகத் திறைசேரி கணக்கில் போடுகிற காசுதான் கட்டுநிதி. வருடத் தொடக்கத்தில் ஒதுக்கீட்டுக் கடிதம் வரும். வகுப்பறைக் கட்டடம், மலசலகூடம், கிராம வீதி என்று பிரித்து, விலைமனு கோரி, ஒப்பந்தகாரருக்கு வேலையைக் கொடுத்துவிடுவோம். அவர் சீமெந்தையும் கம்பியையும் கடனுக்கு எடுத்து வேலையை முடித்து பில்லைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். கட்டுநிதி வராது. சம்பளத்துக்கு வரும், மின்சாரக் கட்டணத்துக்கு வரும், மூலதன வேலைக்கு மட்டும் "இந்த மாதம் பொறுங்கோ". பிறகு நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ திடீரென்று ஒரு தொகை இறங்கும். 31ஆம் திகதிக்குள் முடித்தாக வேண்டும் என்று மழைக்குள் கொங்கிறீற் போடுவார்கள். கிழக்கில் மாரி எந்த மாதம் என்று உமக்குத் தெரியும். திறைசேரியின் வருடக் கடைசியும் வாடைக்காற்றும் திருகோணமலைக்கு ஒன்றாகத்தான் வந்து சேரும்.

இந்தத் தள்ளிப்போடல் யாரைக் கொல்லும் என்று கேட்டால் எனக்குக் குறிஞ்சாக்கேணிதான் ஞாபகம் வரும். கிண்ணியாவில் 2009இல் பெரிய பாலம் திறந்தார்கள். நாட்டிலேயே நீளமான பாலம் என்று கொண்டாடினார்கள். நல்ல விஷயம்தான், மூதூர்ப் பக்கத்துச் சனத்துக்கு அது பெரிய விடுதலை. அதே கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிக்குப் போகிற சின்னப் பாலம் பழுதாகி, புதுப் பாலத்தின் வேலை இழுபட்டுக்கொண்டு கிடந்தது. அதுவரை சனம் போய்வர ஒரு படகுப்பாதை. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் செத்துப்போனார்கள். பெரிய பாலத்துக்குத் திறப்பு விழாவும் கல்வெட்டும் உண்டு. சின்னப் பாலத்துக்குக் கட்டுநிதிதான் உண்டு, அதுவும் வந்தால். ஆகவே உம்முடைய முதல் கேள்விக்கு என் பதில்: நாளாந்தம் பிள்ளை பாடசாலைக்கும், நோயாளி ஆஸ்பத்திரிக்கும், மீன் சந்தைக்கும் போகிற வழியில் இருக்கிற வேலைகளுக்கான காசைத் திறைசேரி வெட்ட முடியாதபடி தனியாகக் கட்டி வைக்க வேண்டும். துறைமுக அபிவிருத்தி, எரிசக்தி மையம் எல்லாம் அதற்கு அடுத்த வரிசை.

சரி, இரண்டாவது கேள்வி. ஐஎம்எப் எல்லாவற்றையும் கட்டிப்போட்டுவிட்டது என்று சொல்வது பாதி உண்மை. 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட மாட்டோம் என்று அறிவித்த நாடு, 2023 மார்ச்சில் ஏறக்குறைய 3 பில்லியன் டொலருக்கு நான்கு வருடத் திட்டத்தில் கையெழுத்து வைத்தது. வட்டியைக் கழித்துப் பார்த்தால் வரவு செலவில் மிச்சம் காட்ட வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதை மறுத்துப் பேச எனக்கு மனமில்லை. 2022இல் நாட்டின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்தைக்கூட எட்டவில்லை. அந்தக் காசை வைத்து எந்தச் சித்தாந்தமும் ஒரு நாட்டை நடத்தாது. ஆனால் மிச்சத்தை யாரிடமிருந்து பிடுங்கிக் காட்டுவது என்பது கொழும்பு எடுக்கிற முடிவு. அதில்தான் எனக்குக் கோபம்.

வற் என்கிற பெறுமதி சேர் வரியை எடும். 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். சவர்க்காரம் விலை குறைந்ததாக எனக்கு ஞாபகமில்லை. 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. பத்தொன்பது மாதத்தில் மூன்று ஏற்றம், ஒரு ஏற்றமும் தள்ளிப்போகவில்லை. பெரிய வீடும் வளவும் வைத்திருப்பவர்களிடம் வாங்குவதாக அதே ஐஎம்எப் திட்டத்தில் பேசப்பட்ட சொத்து வரி மட்டும் 2025இல் வரும் என்றார்கள், பிறகு தள்ளிப்போயிற்று. மூதூரில் கூலிக்குப் போகிற பெண் போனுக்கு ரீலோட் போடும்போது கட்டுகிற வற்றும் பணக்காரர் வாழ்கிற கொழும்பு ஏழில் இருப்பவர் கட்டுகிற வற்றும் ஒரே வீதம். அவள் உழைப்பதெல்லாம் செலவு, ஆகவே அவளுடைய வருமானத்தில் பெரும்பகுதி வரிக்குள் மாட்டும். மற்றவருக்கு மிச்சம் பிடித்து வளவு வாங்கலாம். 2025இல் மாதம் ஒன்றரை இலட்சம் வரை உழைப்பவர்களுக்கு வருமான வரி இல்லை என்று வரம்பை உயர்த்தினார்கள். என் பழைய சக உத்தியோகத்தர்கள் சந்தோஷப்பட்டார்கள், நியாயம்தான். ஆனால் வற் 18இலேயே நிற்கிறது. நியாயமான பொருளாதாரத்துக்கு என்னுடைய முதல் நிபந்தனை இந்த வரிசையை மாற்றுவதுதான். சொத்து வரி முதலில் வரட்டும், அதில் வருகிற காசுக்கு ஏற்றபடி வற் இறங்கட்டும். ஐஎம்எப்காரனுக்குக் கணக்கு நேரானால் போதும்.

2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோதும் இதே கதைதான். வங்கிகள் வைத்திருந்த ரூபாய் முறிகளை, அதாவது அரசின் கடன் பத்திரங்களை, விட்டுவிட்டு, தொழிலாளர்களின் ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதிகளின் தலையில் சுமையை வைத்தார்கள். மாற்றத்துக்கு உடன்படாவிட்டால் அந்த நிதிகளின் வருமானத்துக்கு 30 வீதம் வரி என்று மிரட்டல் வேறு. வங்கி ஆடினால் நாடே ஆடும் என்ற காரணம் சொன்னார்கள். அது பொய்யான காரணம் இல்லை. ஆனால் வங்கியில் பங்கு வைத்திருந்தவர்களிடம் அந்த முறிகளுக்காக ஒரு சதம் கேட்கவில்லையே.

எங்கள் மாவட்டத்தைப் பார்த்தால் இன்னொரு நியாயம் பேச வேண்டியிருக்கிறது. புல்மோட்டையில் இல்மனைற், ரூட்டைல், சேர்கோன் கலந்த கனிய மணல் கிடக்கிறது. அரச கம்பனி அள்ளுகிறது, பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. அதிலிருந்து எடுக்கிற வெள்ளை நிறமூட்டிதான் நாம் விலை கொடுத்து வாங்குகிற பெயின்றில் திரும்பி வருகிறது. சீனன்குடாவில் இரண்டாம் உலக யுத்தத்துக்காக வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளின் கதை உமக்குத் தெரிந்திருக்கும். 2022 ஜனவரியில் 14 தாங்கி இந்தியக் கம்பனிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டுக்கும் பொதுவான கம்பனிக்கு என்று பிரித்தார்கள். அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். பிறகு 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு எமிரேட்ஸ் இரண்டையும் சேர்த்துக்கொண்டு எரிசக்தி மையம் என்று ஒரு உடன்படிக்கை. சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் வரும் என்று பத்து வருடம் சொல்லி, 2016இல் கைவிட்டு, இப்போது சூரிய மின்சாரம். நிலக்கரி வராமல் போனதில் எனக்கு நிம்மதி. ஆனால் இத்தனை ஒப்பந்தத்தையும் டெல்லியும் கொழும்பும் பேசி முடிக்கிறபோது, 2006இல் சம்பூரை விட்டு ஓடி வருடக்கணக்காக முகாமில் கிடந்த சனத்துக்கு அதில் என்ன பங்கு என்று யாரும் எழுதிவைப்பதில்லை. மணலுக்கும் தாங்கிக்கும் துறைமுகத்துக்கும் வருகிற வருமானத்தில் ஒரு நிலையான வீதம் இந்த மாவட்டத்தின் பாடசாலைக்கும் வீதிக்கும் என்று சட்டத்தில் இருக்க வேண்டும். அமைச்சர் மனம் வைத்துத் தருகிற ஒதுக்கீடாக இருந்தால் சரிவராது. மனம் எப்போது மாறும் என்று யாருக்குத் தெரியும்?

குழுக்கடனைப் பற்றியும் ஒரு சொல். கிழமைக்கு ஒருநாள் ஒரு வீட்டு முற்றத்தில் பெண்கள் கூடி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டுகிற கடன். 2016இல் நுண்நிதிச் சட்டம் கொண்டுவந்தார்கள், அது வைப்புப் பணம் வாங்குகிற கம்பனிகளைத்தான் பிடித்தது. வைப்பு வாங்காமல் கடன் மட்டும் கொடுப்பவர்கள் வெளியே நின்றார்கள். 2018இல் வட்டிக்கு 35 வீதம் உச்சவரம்பு வைத்ததை ஒரு நிவாரணமாக அறிவித்தார்கள். முப்பத்தைந்து! நகை அடகு அதைவிட மலிவு. தனியார் துறைக்கு ஆகக் குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரியில் 30,000. வரவேற்கிறேன். ஆனால் வலை இழுக்கிறவனையும் வயலில் நாட்கூலிக்குப் போகிறவளையும் அந்தச் சட்டம் நடைமுறையில் எட்டுவதில்லை. எங்கள் மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள்தானே அதிகம். அஸ்வெசும என்கிற அரச நிவாரணக் கொடுப்பனவு ஓரளவுக்குப் பிடித்துக்கொள்கிறது, அதன் தெரிவில் இருக்கிற குழப்பம் தனிக் கதை.

இனிக் கல்வி. நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான்.

கல்விக்கு மொத்த உற்பத்தியில் 6 வீதம் வேண்டும் என்று 2012இல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்றும் 2 வீதத்தைச் சுற்றித்தான் ஊர்கிறோம். பாதுகாப்பு அமைச்சின் ஒதுக்கீட்டையும் கல்வி அமைச்சின் ஒதுக்கீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். நாட்டிலுள்ள பத்தாயிரம் சொச்சம் அரச பாடசாலைகளில் சில நூறுதான் தேசிய பாடசாலை. மற்றதெல்லாம் மாகாணத்துக்குக் கீழே. அந்த ஆசிரியர்களின் சம்பளம் மாகாண சபைக் கணக்கில் போகும். அதைச் சேர்த்துப் பார்த்தாலும் காசு போதாது என்பது வேறு. ஆனால் நான் சொல்ல வருகிற நோய்க்கு மருந்து முழுக்கக் காசும் இல்லை.

கணக்காய்வு விஷயமாக வெருகல் பக்கம் ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். தரம் 8இல் கணித பாட நேரம். பிள்ளைகள் இருக்கிறார்கள், கரும்பலகையில் திகதி எழுதியிருக்கிறது, ஆசிரியர் இல்லை. வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருந்தார். பாவம், கலைப் பட்டதாரி. பிள்ளைகளுக்கு உறுப்பமையக் கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் சம்பளப் பட்டியலைத் திறந்தேன். கணித ஆசிரியர் இருக்கிறார்! மாதாமாதம் இந்தப் பாடசாலைப் பட்டியலில்தான் சம்பளம். ஆள் எங்கே என்று அதிபரைக் கேட்டால், "இணைப்பில் போயிருக்கிறார், சேர்" என்றார். இணைப்பு என்றால் நியமனம் இங்கே, வேலை நகரத்தில். நோய்க் கடிதம், சின்னப் பிள்ளை, தெரிந்த ஆள், ஏதோ ஒரு காரணம். கல்வி வலயத்தின் ஆளணிக் கணக்கில் இந்தப் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் உண்டு, வெற்றிடம் இல்லை. வெற்றிடம் இல்லாத இடத்துக்கு எப்படிப் புது ஆளை அனுப்புவது?

இந்தப் பிள்ளைகளை அப்படியே தொடர்ந்து போம். தரம் 8இல் கணிதம் இல்லை. சாதாரண தரத்தில் கணிதம் தட்டுத்தடுமாறும். தப்பித்தவர்கள் உயர்தரத்துக்கு வந்தால் பக்கத்தில் இருப்பது கலைப் பிரிவுதான். விஞ்ஞானம், கணிதம் படிக்க வேண்டுமென்றால் அந்தப் பிரிவுகள் உள்ள 1ஏபி பாடசாலை தேடி வீட்டை விட்டுப் போக வேண்டும், ரியூசனுக்கும் தங்குவதற்கும் காசு வேண்டும். கலைப் பிரிவில் படித்து, பல்கலைக்கழகம் போய், பட்டத்தோடு வந்து, வேலை கேட்டு உள்துறைமுக வீதியில் பந்தல் போட்டு உட்காருவார்கள். வேலையற்ற பட்டதாரிகள் என்று பத்திரிகை எழுதும். அரசாங்கம் கடைசியில் மசிந்து அவர்களை அபிவிருத்தி உத்தியோகத்தராக எடுக்கும். 2020இல் ஆயிரக்கணக்கில் எடுத்தார்களே, அப்படி. அவர்களில் ஒருவர் வெருகலில் தரம் 8 கணித பாடத்தில் உறுப்பமையக் கொப்பி திருத்திக்கொண்டிருப்பார். பட்டதாரி வேலையின்மை என்று நாம் 25 வயதில் பார்க்கிற பிரச்சினை 13 வயதில் தொடங்கியது. அங்கே ஒரு ஆசிரியரைக் கொண்டுபோய் உட்கார வைப்பதற்குப் பதில் இங்கே நியமனக் கடிதம் கொடுக்கிறோம்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. 1970களில் தரப்படுத்தல் (தமிழில் பரீட்சை எழுதியவர்களிடம் கூடிய புள்ளி கேட்ட முறை) கொண்டுவந்தபோது தமிழர்களுக்கு நடந்த அநியாயத்தைப் பற்றி இங்கே புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்றைய கோட்டாவைப் பற்றி ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவு. கோட்டாவின் மருத்துவ, பொறியியல் இடங்கள் எந்தப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் போகின்றன என்று பாரும். பெரும்பாலும் நகரத்துப் பெரிய பாடசாலைகள், என் பிள்ளைகள் படித்ததும் அங்கேதான். வெருகலின் பின்தங்கிய நிலையைக் காட்டி வாங்குகிற இடத்தில் உவர்மலைப் பிள்ளை போய் உட்காருகிறது. இதைச் சொன்னால் எங்கள் ஆட்களே கோபிப்பார்கள். மாவட்டத்தை ஒரு அலகாக வைக்காமல் அதைவிடச் சிறிய கல்விக் கோட்டத்தை அலகாக வைக்க முடியுமா என்று யாராவது இருந்து யோசிக்க வேண்டும்.

புதிய கல்விச் சீர்திருத்தத்தின் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பாடச்சுமையைக் குறைப்பது, பரீட்சைப் பைத்தியத்தைக் குறைப்பது, தரம் 1இலிருந்தும் 6இலிருந்தும் படிப்படியாக மாற்றுவது எல்லாம் சரிதான். ஏழைப் பிள்ளைக்கு உதவித்தொகையும் நல்ல பாடசாலையும் கிடைக்கட்டும் என்று தொடங்கிய ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், இன்று வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தரம் 3இலேயே ரியூசனுக்குப் போவதற்குக் காரணமாகிவிட்டது. அதை எடுத்தால் நான் கைதட்டுவேன். ஆனால் சீர்திருத்தத்தை எழுதுகிறவர்களின் மனதில் ஒரு பாடசாலை இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் ஆள் உண்டு, இணைய வசதி உண்டு, வாசலில் பெற்றோரின் வாகனம் உண்டு. பாடசாலை நேரத்தை 2 மணி வரை நீட்டலாம் என்று பேச்சு வந்தபோது எனக்கு முதலில் வந்த யோசனை வெருகலுக்கும் கோமரங்கடவலைக்கும் போகிற பஸ் நேரம்தான். தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, சிங்களப் பிள்ளை மூன்றுக்கும் அந்த விஷயத்தில் ஒரே கதிதான். மொரவெவவில் இருக்கிற சிங்களப் பாடசாலைக்கும் கணித ஆசிரியர் தேடுகிறார்கள்.

என்னிடம் கேட்டால் முதல் வருடத்தில் பாடப்புத்தகத்தைத் தொட மாட்டேன். எல்லா இணைப்பையும் ஒரே சுற்றறிக்கையில் ரத்துச் செய்து, சம்பளம் எங்கேயோ வேலையும் அங்கேதான் என்று ஆக்குவேன். அப்புறம் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவை, பெற்றோல் செலவுக்காவது காணும்படி உயர்த்துவேன். ஆசிரியர் விடுதிகளைத் திருத்துவேன். பெண் ஆசிரியர்கள் தனியாகத் தங்கப் பயப்படுகிற இடத்தில் விடுதி இல்லாமல் இடமாற்றக் கடிதம் மட்டும் கொடுப்பது அநியாயம். மட்டக்களப்பு, அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரிகளில் கணித, விஞ்ஞான, ஆங்கில பாடங்களுக்கு ஆள் எடுக்கும்போது ஆசிரியர் இல்லாத பிரிவுகளுக்கென்று கூடுதல் இடம் வைத்து, அந்த ஊர்ப் பிள்ளையையே எடுத்து, பத்து வருடம் அந்த ஊரிலேயே என்று ஒப்பந்தம் எழுதுவேன். இதற்குப் புது அமைச்சும் வேண்டாம், வெளிநாட்டு நிபுணரும் வேண்டாம். ஆனால் இணைப்பில் இருக்கிற ஆசிரியர்களும் அவர்களுக்குக் கடிதம் கொடுத்தவர்களும் அவர்களுடைய சங்கங்களும் சேர்ந்து எதிர்ப்பார்கள். அதைத் தாங்குகிற அரசியல்வாதி வேண்டும். 2024இல் பாராளுமன்றத்தில் 159 ஆசனம் எடுத்த தேசிய மக்கள் சக்திக்காரர்களுக்குத் தாங்கலாம். ஆனால் மாகாணக் கல்வி நிர்வாகத்துக்குப் பொறுப்புச் சொல்ல இங்கே தெரிவு செய்யப்பட்ட ஆள் ஒருவரும் இல்லையே.

அங்கேதான் உம்முடைய நாலாவது கேள்வி வருகிறது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. அந்த வருடம் தேர்தல் முறையை மாற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள். எல்லை நிர்ணய அறிக்கை 2018இல் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. 2017இலிருந்து இங்கே ஆளுநர் ஆட்சிதான். தள்ளிப்போடுவதில் இதைவிடப் பெரிய சாதனை வேண்டுமா? ஒரு பாடசாலைக்கு ஆசிரியர் இல்லை என்று பெற்றோர் படலையைப் பூட்டினால், வலயம் மாகாணத்தைக் காட்டும், மாகாணம் ஆளுநரைக் காட்டும், ஆளுநர் ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டவர். வாக்குக் கேட்டு உம் வீட்டுக்கு வரத் தேவையில்லாதவர். மாகாண சபை இருந்த காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கையும் எழுதியவன் நான். இணைப்புக் கடிதங்கள் பல அப்போதுதான் பிறந்தன. ஆனால் திட்டுவதற்கு ஒரு உறுப்பினர் இருந்தார்.

கட்சியைக் கேட்டீர். இதுவரை வாக்குப் போட்ட கட்சிகளை வரிசையாகச் சொன்னால் உம்முடைய அம்மா சிரிப்பாள், விடும். மாகாணத் தேர்தல் வைத்தால், வாசலுக்கு வருகிற வேட்பாளரிடம், அவருடைய சின்னம் வீடோ திசைகாட்டியோ மரமோ, நான் இரண்டு விஷயம் கேட்பேன். வலயத்தில் இணைப்பில் இருக்கிற ஆசிரியர்களின் பட்டியலை நீர் பகிரங்கமாகப் போடுவீரா? உம்முடைய சொந்தக்காரர் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள்? நேராகப் பதில் சொல்கிற ஆளுக்கு என் வாக்கு.